கையால் கொடுத்த புத்தகம்

பழைய புத்தகக் கடைக்காரரின் மூத்த மகளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது வாடிக்கையாளர்கள்தான். பேரம் பேச வாயெடுத்தவனின் பேச்சைப் பாதியிலேயே நறுக்கிவிடுவாள். "விலை பின்னட்டையில இருக்கு. கண்ணு முன்னால இருக்கு. அப்புறம் என்ன?" என்பாள். வந்தவன் வாயை மூடிக்கொண்டு வாங்குவான், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு போவான்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்பவருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. உள்ளே கூரை வரைக்கும் அலமாரிகள். அந்துருண்டை வாசனையும் ஈரக் காகித நாற்றமும் கலந்து அடிக்கும். வருமானம் என்னவோ பரீட்சை கைடுகளிலிருந்துதான் வந்தது. மற்றதெல்லாம் பூச்சிக்குத் தீனி. மாடியில் வீடு. அப்பா பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோய் மாடியறைக் கட்டிலில் கிடந்தார். வலது கையும் இரண்டு கண்களும் நன்றாக இருந்ததால் நாள் முழுக்க எதையாவது படித்துக்கொண்டிருப்பார். கையில் எதைக் கொடுத்தாலும் படிப்பார், ரயில் கால அட்டவணையைக்கூட.

தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சின்னவள் சிரித்தால் எதிர்க்கடைக்காரன் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுப்பான். அம்மா இவளைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப் போனதால் வளர்த்ததெல்லாம் கத்தரிதான். வளர்த்த பாசம் இருந்தது. அதற்கு அடியிலேயே, கழுவாத பாத்திரத்தின் அடியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கசப்பும் இருந்தது.

சர்வேயர் அந்தக் கடைக்கு வர ஆரம்பித்தது பழைய நிலப்படங்களுக்காக. வெயிலில் கருத்த கழுத்து, காலணியில் எப்போதும் எந்த ஊர்ச் சேறோ. அவனுக்காகக் கத்தரி படங்களைத் தனியாக எடுத்து வைப்பாள். தூசு தட்டி, மடிப்பு நீவி, மேஜைக்கு அடியில் வைத்திருப்பாள். அவனிடம் மட்டும் பேச்சை நறுக்க மாட்டாள். அவன் குந்தி உட்கார்ந்து படத்தில் விரல் வைத்து, "இந்த ஓடை இப்ப இல்லைங்க, மேல கட்டடம் கட்டிட்டாங்க" என்று சொன்னால், அந்த ஓடைக்காக அவளுக்கு நிஜமாகவே வருத்தம் வரும்.

ஒரு சாயங்காலம் தங்கை மருந்துக்கடையிலிருந்து வந்தாள். சர்வேயர் படத்திலிருந்து நிமிர்ந்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் படம் பார்க்க வரவில்லை, படத்தைச் சாக்கு வைத்து வந்தான். கத்தரி முதலில் கவனித்தது அதை அல்ல. அதுவரை "என்னங்க", "சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று அவளை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்ததைத்தான் முதலில் கவனித்தாள்.

*

அந்த மழைக்காலத்தில்தான் நீல அட்டைப் புத்தகம் வந்தது. யாரோ செத்த வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரர் சாக்கோடு கொண்டுவந்து கொட்டியதில் அதுவும் இருந்தது. ஒல்லியான புத்தகம். தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கத்தரி புரட்டிப் படித்தாள். ஒரு படகோட்டி ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறான், திரும்பி வருகிறான், மறுபடி கொண்டுபோய் விடுகிறான். உப்புச்சப்பில்லாத கதை. தூக்கி மேஜைமேல் போட்டாள்.

மழைக்கு ஒதுங்கிய வக்கீல் ஒருவர் கடைக்குள் நின்றுகொண்டு வாடகைச் சட்டத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பேசினார். "உட்கார்ந்து இதைப் படிங்க. உங்களுக்கும் பொழுது போகும், எங்களுக்கும் காது மிஞ்சும்" என்று அவர் கையில் அந்தப் புத்தகத்தைத் திணித்தாள். மழை விடுவதற்குள் படித்து முடித்தார். முடித்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது அவர் மூக்குக்கண்ணாடியே மங்கிப்போயிருந்தது.

மறுநாள் ரோஜாப்பூவோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "உங்க குரலைக் கேக்காம கேஸ் நடத்த முடியலைங்க" என்று கறுப்பு அங்கியோடு வாசலில் நின்று கண்ணீர் விட்டார். வக்கீல் மனைவி வந்து தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்தரியைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். கத்தரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்புறம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா வந்தாள், குறுக்கெழுத்துப் புத்தகம் கேட்டு. அதைத் தேடி எடுக்க நேரமாகும் என்று கத்தரி இதை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா படித்து முடித்த அன்றைக்கே, வக்கீல் தெருவின் மறுபக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமாகப் போனார். அதோடு அந்தப் பக்கமே வரவில்லை. நர்ஸம்மாவோ மறுநாள் சுடச்சுட சூப் கொண்டுவந்தாள். "என்னம்மா இப்படி இளைச்சுக் கிடக்கே? தலையெல்லாம் சிக்கு. இங்க உட்காரு" என்று கத்தரியைப் படிக்கட்டில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, வலிக்காமல் சிக்கெடுத்தாள். அம்மா போன பிறகு கத்தரிக்கு யாரும் தலைவாரி விட்டதில்லை. அவள் திரும்பாமலேயே அழுதாள். நர்ஸம்மா வாரிக்கொண்டே இருந்தாள்.

கத்தரி முட்டாள் இல்லை. அலமாரியிலிருந்து தானாக எடுத்துப் படித்த மாணவன் ஒருவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கொடுத்தும் பாதியில் வைத்துவிட்டுப் போன ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் கையால் கொடுத்து, இன்னொருவர் கடைசிப் பக்கம் வரை படித்தால், படித்தவர் கொடுத்தவரை நேசிப்பார். அடுத்த ஆள் படித்து முடிக்கிறவரை அது நிற்கும். முடித்த நொடியில் முந்தின ஆள் விடுபட்டுப் போவார். இதைப் புரிந்துகொண்டதும் அவள் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றி, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தாள். நர்ஸம்மா வந்துகொண்டிருக்கட்டும், அது போதும் என்று.

அது போதவில்லை.

*

சர்வேயர் கல்யாண அழைப்பிதழோடு தனியாக வந்தது ஒரு மத்தியானம். கடையில் ஈ காக்கை இல்லை.

"முதல் அழைப்பிதழ் உங்களுக்குத்தான் அக்கா. நீங்க இல்லைன்னா எங்க ரெண்டு பேருக்கும் ஏது?" என்று இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். எழுத்து பொன்னிறத்தில் மின்னியது. இழுப்பறையைத் திறந்தாள்.

"உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன். ஆத்தோரத்துக் கதை. சின்னதுதான், இங்கேயே உட்கார்ந்து முடிச்சுடலாம்."

அவன் மறுக்கிற ஆள் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். கத்தரி ஏணியில் ஏறி, சுத்தமாக இருந்த தட்டையே மறுபடி துடைத்தாள். கடைசித் தாளைத் திருப்புவதற்கு முன்னால் அவன் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தான்.

"முடிவும் இப்படியே சப்புன்னு இருக்கும் போல. போதும் அக்கா, இன்னொரு நாள் பாத்துக்கறேன்."

அப்போது அவள் சரி என்று சொல்லியிருக்கலாம். ஏணியின் மேலிருந்து அவன் தலைச்சுழியைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பக்கம்தானே. முடிச்சுடுங்களேன்" என்றாள்.

அவன் முடித்தான்.

கொஞ்ச நேரத்தில் தங்கை வந்தாள். கையில் இரண்டு துணி மாதிரிகள். கல்யாண உடுப்புக்கு எந்த நிறம் என்று அவனைக் கேட்க வந்திருந்தாள். "இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?" என்று இரண்டையும் தோளில் போட்டுக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ஏணியின் அடியில் நின்று, கத்தரி விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களைத்தான்."

"எந்த நிறமா இருந்தா எனக்கென்ன?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் பேசுகிற குரல். "வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதே. அவங்க இறங்கணும்."

சின்னவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கத்தரிக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அது ஒன்றே சின்னவளுக்குப் போதுமானதாக இருந்தது. எப்படி என்று தெரியாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிட்டது.

அதே வாரம் அவள் வேறு ஊர் மருந்துக்கடையில் வேலை தேடிக்கொண்டு பெட்டியோடு போய்விட்டாள். தரைப்பலகை வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அன்றிலிருந்து மூத்த மகளோடு பேசுவதை நிறுத்தினார். நர்ஸம்மா குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குக் காசு நீட்டி, "மீதிச் சில்லறை இருக்கா?" என்று கேட்டாள். போகும்போது கத்தரியின் தலையை ஒரு தடவை பார்த்தாள், ஏதோ கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டவள் போல. அப்புறம் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

*

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வந்த முதல் சில மாதங்கள் கத்தரிக்குக் கால் தரையில் படவில்லை. அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைப்பான். அவள் கத்தினால் அதையும் பாட்டுக் கேட்பது போலக் கேட்பான். "தங்கம்" என்றுதான் கூப்பிடுவான். தெருவில் போகிறவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

பிறகு அவன் அளவெடுக்க வெளியூர் போவதை நிறுத்தினான். உன்னைவிட்டு எப்படிப் போவது என்றான். வேலை போயிற்று. அதன் பிறகு காலையிலிருந்து கடை மூடுகிறவரை மேஜைக்கு எதிரே அதே முக்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தும்மினால் எழுந்து நின்றான். வாங்க வந்தவர்கள் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் ஒரு பழைய நிலப்படத்தை எடுத்து அவன்முன் விரித்தாள்.

"இந்த ஓடை இப்ப இருக்கா, பாருங்க."

"உன் விரல் எவ்வளவு அழகா இருக்கு" என்றான் அவன்.

ஊரில் அவன் அம்மா படுத்த படுக்கையானாள். மகனைப் பார்க்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள். கத்தரியே அவனுக்குச் சட்டை எடுத்து வைத்து, பையைக் கையில் கொடுத்து, "போய்ட்டு வாங்க. பெத்தவங்க" என்று தள்ளாத குறையாக அனுப்பினாள். பேருந்து நிலையம் வரை போனவன் பாதி வழியில் திரும்பி வந்தான். மறுநாளும் அதே கதை. மூன்றாவது தடவை அவளே கூட வருகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருந்தபோது, முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது.

அவன் அழவில்லை. "நீ ஏன் தங்கம் முகம் வாடி நிக்கிறே? கால் வலிக்குதா?" என்று கீழே உட்கார்ந்து அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறைந்த அவள் கையை அவன் பிடித்து முத்தமிட்டான்.

அன்றிலிருந்துதான் அவள் கொடுமைக்காரி ஆனாள். மழையில் போய் நில்லுங்கள் என்றால் நின்றான். சாப்பிடாதீர்கள் என்றால் சாப்பிடவில்லை. வாடிக்கையாளர்கள் முன்னால், "இது ஒரு ஜடம், எடுத்துத் தூசு தட்டி வைங்க" என்பாள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்ல மாட்டானா என்றுதான் எல்லாம். அந்தச் சொல்லுக்காக அவள் ஏங்கிப்போனாள். காய்ச்சலில் கிடந்தவனைக்கூட எழுப்பித் தண்ணீர்க்குடம் தூக்க வைத்தாள். அவன் நெருப்பாய்க் கொதித்த உடம்போடு தூக்கினான், சிரித்துக்கொண்டே.

கடைசியில் அவனை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை நாள் ஒன்றாக இருந்ததில் கொஞ்சமாவது நிஜமாக ஒட்டியிருக்காதா என்று ஒரு நப்பாசையும் இருந்தது. ஆனால் விடுவிக்க இன்னொருவர் படித்தாக வேண்டுமே. யாரிடம் கொடுப்பது? முகம் தெரியாத ஒருவனிடம் கொடுத்து, அவன் வாசலில் வந்து நின்றால்? யோசித்துக்கொண்டே அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்தார். அவளைப் பார்க்கக்கூடாது என்பதற்காக.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு யோசனை வந்துவிட்டது. கூசியது. ஆனாலும் கீழே போய் எடுத்துவந்து, அவருடைய நல்ல கையில் வைத்தாள்.

அப்பா ஒரு பகல் முழுக்கப் படித்தார். அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து பழைய துணி தைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் முடிந்து புத்தகம் அவர் நெஞ்சின்மேல் சாய்ந்தது.

"கண்ணு" என்றார், குழறிய குரலில். "நீ சாப்பிட்டியாம்மா?"

அவள் அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

சர்வேயர் முக்காலியில் இல்லை. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், தரையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணினீங்க என்னை?" என்றான். "அக்கா, என்ன பண்ணினீங்க?"

அவள் சொன்னாள். இப்போது படித்து முடித்தது அப்பா என்பதைத் தவிர ஒன்றையும் மறைக்கவில்லை.

"தூங்கிக்கிட்டு இருந்தேன்னு நினைச்சீங்களா? இல்ல. உள்ளேயேதான் இருந்தேன். முழிச்சுக்கிட்டு. சின்னவ துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னப்ப, அந்தப் பச்சை நல்லா இருக்குன்னு உள்ள கத்தினேன். வாய் வேற ஒண்ணைச் சொல்லுச்சு. எங்கம்மா கூப்பிட்டப்ப பஸ் ஸ்டாண்டுல நின்னு அலறினேன். கால் திரும்பி இங்க வந்துச்சு. கையில முத்தம் கொடுத்தேனே, அப்ப உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குக் கொஞ்சம்கூட..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம்கூட இல்ல" என்றான் அவன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, வெளியே போனான். மாடியில் அப்பா கரண்டியால் கட்டிலைத் தட்டி, "கண்ணு! எங்கம்மா போனே?" என்று கூப்பிட்டார்.

*

அப்பாவின் அன்பு அவளைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. அவள் ஊட்டினால்தான் வாய் திறப்பார். கீழே வாடிக்கையாளரிடம் பேசினால் மேலே குழந்தை மாதிரி அழுவார். குளிக்கப் போனாலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஆனாலும் அவள் அலுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறதே, அது போதும் என்றிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு முற்பகலில் தங்கை வந்தாள். பின்னால் சர்வேயர். அவன் ஷேவ் செய்துகொண்டு, சுத்தமான சட்டை போட்டு, பழைய ஆளாக இருந்தான். சின்னவள்தான் மாறியிருந்தாள். சிரிக்கிற முகத்தில் சிரிப்பு இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

"இவரு வாசல்ல வந்து நின்னு எல்லாம் சொன்னாரு" என்றாள் நின்றபடியே. "வேற யாரா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். அதனால நம்பினேன்."

"நல்லது. கூட்டிக்கிட்டுப் போ. நான் குறுக்க வர மாட்டேன்."

"அந்தப் புத்தகம் எங்க?"

கத்தரிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எதுக்கு?"

"என் கையால இவருக்குக் கொடுக்கணும்."

"பைத்தியமாடி உனக்கு? அவருக்கு உன்மேல இப்ப இருக்கிறது நிஜம்டி. கண்ணைப் பாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அப்பவும் நிஜமாத்தான் இருந்துச்சு" என்றாள் தங்கை. "என்ன ஆச்சு? ஒரு மத்தியானம் தாங்கல. இவரு தூங்குற மூஞ்சியைப் பாத்தாக்கூட எனக்கு அன்னிக்கு என்னைப் பாத்த மூஞ்சிதான் ஞாபகம் வருது. நாளைக்கு எவ என்ன கொடுப்பாளோ. நிஜத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கத்தரி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன். உள்ள இருந்தவர் நீங்கதானே."

அவன் மெல்லச் சிரித்தான். "சொல்லிட்டேன். இவளால தூங்க முடியல அக்கா. இவமேல எனக்கு உள்ள இருக்கிறதும் அதுதானே, வெளியே வரப்போறதும் அதுதானே. ரெண்டும் ஒண்ணா இருந்தா என்ன கஷ்டம்?"

"ஒண்ணா இருக்காது. கோபம் வராது உங்களுக்கு. முடியாதுன்னு சொல்ல வராது. கொஞ்ச நாள்ல அவளுக்கே உங்களைக் கண்டா எரிச்சலா இருக்கும். நான் பாத்துட்டேன்!"

இதைச் சொல்லும்போதே மேலே கரண்டிச் சத்தம் கேட்டது. யாருக்காகக் கெஞ்சுகிறோம், அவனுக்காகவா, மேலே கூப்பிடுகிற குரலுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் கண் மாடிப்படிப் பக்கம் போனதைத் தங்கை கண்டுகொண்டாள்.

"மேலதானே இருக்கு?" என்று படியேறிப் போனாள்.

அப்பாவுக்குச் சின்னவள் என்றால் உயிர். அவள் பிரிந்துபோனதிலிருந்து முதல் தடவையாக வந்து கட்டிலருகே நின்று, "அப்பா" என்றாள். அவர் கண் அவளைத் தாண்டி வாசல்படியைத் தேடியது. "கண்ணு எங்கே? அவளை வரச் சொல்லு. நீ யாரா இருந்தாலும் தள்ளி நில்லு, மறைக்குது" என்றார். கீழே நின்றிருந்த கத்தரிக்கு இது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

சின்னவள் இறங்கி வந்தபோது புத்தகம் கையில் இருந்தது. முகம் காய்ந்துபோயிருந்தது.

"அப்பாவையுமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சர்வேயர் முன்னால் போய்ப் புத்தகத்தை நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். பக்கங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் படித்தான். நடுநடுவே தலை தூக்கிச் சின்னவளைப் பார்த்துக்கொண்டான், பயணம் கிளம்புகிறவன் வீட்டைப் பார்த்துக்கொள்வது போல. கத்தரி ஒரு தடவை கையை நீட்டினாள். பிடுங்குவதற்கு அது போதுமான தூரம்தான். தங்கை நகர்ந்து குறுக்கே நின்றாள். கத்தரி கையை இழுத்துக்கொண்டாள். மேலே, "கண்ணு... கண்ணு..." என்று அப்பா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசித் தாளில் அவன் விரல் சற்றே நின்றது. பிறகு திருப்பினான்.

மாடியில் கூப்பிடுகிற குரல் பாதியில் நின்றது.

சர்வேயர் எழுந்து சின்னவளின் பையைத் தோளிலிருந்து எடுத்துத் தான் மாட்டிக்கொண்டான். "வெயிலா இருக்கு. நீ இங்கேயே நில்லு, நான் போய் வண்டி கூட்டிட்டு வரேன். இல்ல, உன்னைவிட்டு எப்படிப் போறது, வா, சேர்ந்தே போவோம்" என்றான். சின்னவள் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கத்தரி அவன் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள், உள்ளே யாராவது நிற்கிறார்களா என்று. ஒன்றும் தெரியவில்லை. அவன் தன்னோடு இருந்த நாட்களிலும் அவளுக்கு ஒன்றும் தெரியாமல்தானே இருந்தது.

அவர்கள் போன பிறகு மாடிக்குப் போனாள். அப்பாவின் கண் திறந்திருந்தது. நேராக அவளைப் பார்த்தார்.

"சின்னவ வந்தா" என்றார். "நான் பாத்தேன். எம்பொண்ணு வந்து நிக்கிறா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். வாய் தள்ளி நில்லுன்னு சொல்லுது." குழறல் அதிகமாகி, எச்சில் வழிந்தது. துடைக்கப் போனவளின் கையை நல்ல கையால் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. இருந்த நாளெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார்.

*

அடுத்த வருஷம் தங்கையின் ஊரிலிருந்து வந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், பரீட்சை கைடு வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். அந்த மருந்துக்கடை வாசலில் ஓர் ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிற பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அந்தப் பெண்ணுக்கு வாயைத் திறந்தால் வசவுதானாம். ஒரு நாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவன்மேல் தண்ணீரை எடுத்து ஊற்றினாளாம். "அவன் சிரிக்கிறாங்க! அது என்ன ஜென்மமோ" என்று தலையில் அடித்துக்கொண்டார். கத்தரி மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் கடைத் தொலைபேசி அடித்தது.

"அக்கா" என்றது மறுமுனை. வேறு எதையும் கேட்காமல் மூச்சு வாங்கியது. "அக்கா, என்னால முடியல. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேங்கிறாரு. நேத்து கையில கிடைச்சதை எடுத்து அடிச்சுட்டேன். நான் இப்படி ஆயிடுவேன்னு..." அழுகை. "வேற யாருக்குக் கொடுத்தாலும் அவங்க என் தலையில வந்து விழுவாங்க. நீ வா. நீ உன் கையால அவருக்குக் கொடு. நீயே திரும்ப எடுத்துக்கோ அக்கா. உனக்குத்தான் அவரைப் பிடிக்குமே."

பின்னாலிருந்து சர்வேயரின் குரல் கேட்டது. "யாரும்மா போன்ல? ஏன் அழறே? தண்ணி கொண்டு வரட்டா?"

எத்தனையோ நாள் கேட்காத குரல். இப்போது கிளம்பினால் சாயங்காலத்துக்குள் அந்த ஊருக்குப் போய்விடலாம். நாளைக்கு அவன் இதே கடையில், இதே மேஜைக்கு எதிரே இருப்பான். தங்கம் என்பான்.

"அக்கா, இருக்கியா?"

"ராங் நம்பர்" என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.

அது மறுபடி அடித்தது. எடுக்காமல், ஏணியை இழுத்துப் போட்டு, வாசலில் நின்றிருந்தவர் கேட்ட கணக்குக் கைடைத் தேடப் போனாள்.